நாக்குக்கு அடியில் ஏழு நிமிடம்

“சாப்டீங்களா?” என்று கேட்டதற்காக ஒருவரைப் பரீட்சையில் ஃபெயில் போட முடியுமா? போட்டார்களே! திரவியம் அண்ணாச்சியைப் போட்டார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஐம்பத்தாறு வயதில், பாதித் தலை நரைத்த பிறகு, இந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் மூன்று தடவை தோற்றார்.

அண்ணாச்சியின் அன்பு மெடிக்கல்ஸ் இருப்பது குறிஞ்சிமேடு எஸ்டேட் முக்கில். வால்பாறையிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் மேலே போக வேண்டும். வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வாங்க வேண்டிய சந்தர்ப்பம் முப்பத்திரண்டு வருடத்தில் வரவில்லை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்து, ரிட்டயராகி, மலை இறங்கிப் போய்விட்டார்கள்.

அப்புறம் தும்பி வந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர். நான்கு விசிறியோடு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்ததால் ஜனங்கள் தும்பி என்றார்கள். போனைப் பார்த்து நாலு தடவை இருமினால் போதும், கால் மணி நேரத்தில் வாசலில் மாத்திரையை வைத்துவிட்டுப் போகும். நல்லதுதான், யார் இல்லை என்றது? நடுமழையில் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மருந்துக்கு மட்டுமா வருகிறார்கள்? மருமகள் பேசாமல் இருப்பதை, மேஸ்திரி ஏசியதை, கனவில் பாம்பு வந்ததை எல்லாம் தலைவலி மாத்திரையோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்செல்லாம் அடியோடு நின்றது. இப்போது அட்டைக்கடிக்கு மூக்குப்பொடி வாங்கவும் மழைக்கு ஒதுங்கவும் யாராவது வந்தால் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்கும்வரை அண்ணாச்சி வாயைத் திறக்கவே தேவையில்லாத நாட்கள் இருந்தன.

தும்பி செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. வலி மாத்திரைக்கு அடிமையாகிப் போனவர்களை மீட்க ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதை விழுங்கக் கூடாது, விழுங்கினால் பிடிக்காது. நாக்குக்கு அடியில் வைத்து, வாயை மூடி, ஏழு நிமிடம் பேசாமல் இருந்தால் தானாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். கேமரா முன்னால் வாயில் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு துப்பிக் காயவைத்து விற்ற கெட்டிக்காரர்கள் சிலர் கிளம்பினார்கள். அதனால் சட்டம் வந்தது. இந்த ஒரு மாத்திரையை மட்டும் மனிதர் கையால் கொடுக்க வேண்டும், மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு நிமிடம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கிறவர் பன்னிரண்டு வார ஆன்லைன் பயிற்சியை முடித்த பார்மசிஸ்டாக இருக்க வேண்டும்.

பவுனுத்தாய் வந்து கேட்டிராவிட்டால் அண்ணாச்சி அந்தப் பயிற்சிப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்.

பவுனுத்தாய்க்கு முப்பத்தெட்டு வயது. தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு வருடம் மேடு ஏறி இறங்கியவள். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து தோள்பட்டை கிழிந்தது. லீவு கேட்டபோது மேஸ்திரி லீவு தரவில்லை, ஒரு அட்டை மாத்திரை தந்தார். அது தீர்ந்ததும் இன்னொரு அட்டை. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இப்போது எட்டு மாதமாகத் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஏழு நிமிடம் வாயை மூடி உட்கார்ந்துவிட்டு, மறுபடி நாற்பது வளைவும் ஏறி வருகிறாள். வளைவுக்கு வளைவு வாந்தி வேறு.

“ஒரு நாள் விட்டா என்னாவும்மா?” என்று அண்ணாச்சி ஒருமுறை கேட்டார்.

“மொதல்ல கொட்டாவி வரும் அண்ணாச்சி. நிறுத்தவே முடியாது. அப்புறம் மூக்கு ஒழுகும். ரெண்டாம் நாளு எலும்புக்குள்ள எறும்பு ஊரும். அந்த நேரத்துல எவன் எதக் குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்குவேன். அதான் பயம்.”

இன்னொரு பயமும் அவளுக்கு இருந்தது. ஆயுத பூஜைக்குள் முழு ஷிஃப்டுக்குத் திரும்பாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாளெல்லாம் பஸ்ஸில் கழிக்கிறவள் முழு ஷிஃப்ட் எப்படிப் பார்ப்பாள்? அண்ணாச்சி அந்தப் படிப்பைப் படித்துவிட்டால் இங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், காலை ஏழு மணிக்குக் கடையில் உட்கார்ந்து எழுந்து நேராக வேலைக்குப் போய்விடலாம். அதைக் கேட்கத்தான் வந்தாள். முகமெல்லாம் பல்லாக அகலமாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அண்ணாச்சி அன்று மத்தியானமே பெயரைப் பதிவு செய்தார்.

சித்திரையில் கவுன்டர் அகலத்துக்கு ஒரு திரை வந்து சேர்ந்தது. தினமும் பதினோரு மணிக்கு அதில் ஒரு நோயாளி வந்து உட்காருவார். திரையிலேயே அவருக்கு மாத்திரை கொடுத்து, பார்த்திருந்து, பேசி, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து, பன்னிரண்டு வாரத்தில் கரையேற்ற வேண்டும். அதுதான் பயிற்சி.

அண்ணாச்சிக்கு வாய்த்த நோயாளியின் பெயர் ராயப்பன். நத்தம் பக்கத்து ஆள், ரிட்டயரான பஸ் கண்டக்டர், வயது அறுபத்துமூன்று. இருபத்தொன்பது வருடம் நின்றே பிழைத்ததில் முதுகு போய், வலி மாத்திரையில் விழுந்தவர். காக்கிச் சட்டையைத்தான் இன்னும் போட்டிருந்தார், மேல் பட்டன் மட்டும் இல்லை. இப்படி ஓர் ஆள் உலகத்தில் எங்கும் கிடையாது. பதினோராயிரம் நிஜ நோயாளிகளின் பேச்சையும் பழக்கத்தையும் கலந்து கம்ப்யூட்டர் பிசைந்த உருவம். முதல் பாடத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அண்ணாச்சியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

முதல் நாள் ராயப்பன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆனது. ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக எந்த மாத்திரையைக் கையில் எடுத்தாலும் கூடவே வருகிற கேள்வி அண்ணாச்சியின் வாயிலிருந்து தானாக விழுந்தது.

“சாப்டீங்களா?”

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையா? ராயப்பன் மடக்கென்று விழுங்கிவிட்டு, “ஆச்சுங்க, ரெண்டு இட்லி” என்றார். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. பயிற்சி பெறுபவர் கேள்வி கேட்டார், நோயாளி விழுங்கினார், இன்றைய மருந்து வீண். ராயப்பன் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணாச்சி கேட்கிற அந்தக் கேள்விக்கு மலையில் பதில் சொல்லாத ஆள் கிடையாது. திருப்பி “நீங்க சாப்டீங்களா” என்று கேட்டவர்கள் உண்டா என்றால், மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? வியாதிக்காரர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மாத்திரை கரைந்த பிறகு, அந்த ஏழையும் சேர்த்து மொத்தம் நாற்பது நிமிடம் ஆகும்வரை நோயாளியோடு பேசலாம் என்று விதி. பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ராயப்பன் நாற்பது நிமிடத்தையும் முழுக்க வாங்கிக்கொள்வார். ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டதற்கு ஒரு கிழவி அவர் மேல் மனுக் கொடுத்த கதை, கடைசி சீட்டில் பிரசவம் ஆன கதை, நாலு ரூபாய் சில்லறைக்காகப் பதினேழு வருடம் அவரைத் துரத்திய வாத்தியார் கதை. அண்ணாச்சியும் சொல்ல ஆரம்பித்தார். இந்த மலைக்கு வந்த முதல் வாரமே தாங்க முடியாமல் ஊருக்கு ஓடிவிட நினைத்துப் பஸ் ஏறியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ராயப்பனிடம் சொன்னார்.

“அப்புறம் ஏன் போகல மருந்துக்காரரே?”

“முப்பத்தொண்ணாவது வளைவுல வாந்தி வந்துட்டு. எறங்கினேன். பஸ்ஸு போயிட்டு. வந்த வழியே நடந்து வந்து கடையத் தொறந்தேன்.”

“அட, ஒரு வாந்திக்கு முப்பத்திரண்டு வருஷமா!”

அண்ணாச்சிக்கு அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ராயப்பன் போன பிறகும் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொள்ளும் பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று யாராவது கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். கவனிக்கத்தான் யாரும் இல்லையே. பதினோரு மணிக்கு ஒருவர் வருவார் என்பது ஒரு மனிதனை எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது பாருங்கள்.

ஆடி பிறப்பதற்கு முன் பரீட்சை வந்தது. கடைசி, மிகச் சிறிய மாத்திரை. அதைக் கொடுத்து, ஏழு நிமிடம் தவறில்லாமல் பார்த்திருந்தால் பாஸ். பாஸானால் நோயாளி குணமாகிவிட்டதாக அர்த்தம், அவருடைய ஃபைலை மூடிவிடுவார்கள். மூடுவது என்றால் அழிப்பது. இது பன்னிரண்டாம் பாடத்தின் கடைசி வரியில் இருந்தது. அண்ணாச்சி அதைப் படித்தது பரீட்சை அன்று காலையில்தான். ராயப்பன் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் அண்ணாச்சி, என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, “சாப்டீங்களா கண்டக்டரே?” என்று கேட்டுவிட்டார்.

ஃபெயில். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதலாம். அதுவரை அதே நோயாளி தினமும் வருவார். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று கீழே போட்டிருந்தது. அதைப் படித்தபோது அண்ணாச்சிக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வினையே.

சாயங்காலம் பவுனுத்தாய் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது. ஃபெயில் என்று சொன்னதும் அவள்தான் அவரைத் தேற்றினாள். பரீட்சை என்றால் அப்படித்தான், தானும் ஐந்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தவள்தான், அதற்காக முகத்தை இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பரீட்சை. இந்தத் தடவை வாய் தவறவில்லை. ஆறாவது நிமிடத்தில், கடிகாரத்தைப் பார்த்து, நிதானமாக, தெரிந்தே கேட்டார்.

“சாப்டீங்களா?”

ராயப்பன் அண்ணாச்சியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் விழுங்கினார். “ஆச்சுங்க” என்றார். வழக்கமாகச் சொல்கிற இட்லிக் கணக்கைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமும் பவுனுத்தாய் வந்தாள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, கேள்விகள் கஷ்டம் என்றார். சீ, எவ்வளவு பெரிய பொய்! அவளோ அதையும் நம்பி, கண்ணுக்கு நல்லது என்று ஒரு கட்டு பொன்னாங்கண்ணிக் கீரையைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கீரையை அவர் சமைக்கவில்லை. தொடவே கை வரவில்லை.

ராயப்பனிடம் அதற்குப் பிறகு ஒரு மாற்றம். சீக்கிரமாகக் கிளம்ப ஆரம்பித்தார். கதையின் நடுவில் எழுந்து, “வண்டி நேரம் ஆச்சு மருந்துக்காரரே” என்பார். ரிட்டயரானவருக்கு என்ன வண்டி நேரம்? முதலில் மூன்று நாலு நிமிடம்தான் குறைந்தது. அப்புறம் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. அண்ணாச்சிக்குச் சுருக்கென்று இருந்தது. நாம் என்ன தப்பாகப் பேசினோம் என்று பழைய பேச்சையெல்லாம் மனசில் புரட்டிப் பார்த்தார். ராயப்பன் விட்டுப் போன நேரத்தை இப்போது எதையாவது செய்து நிரப்ப வேண்டியிருந்தது. அலமாரியைத் துடைத்தார். காலாவதியான மருந்துகளைப் பிரித்து வைத்தார். ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைவரை போய், மேஸ்திரியிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக்கூட வந்தார்.

ஆனாலும் மூன்றாவது பரீட்சையிலும் கேட்டார். குறைந்த நேரமாவது மிஞ்சட்டுமே என்ற ஆசை.

ஆவணி மழையில் அது நடந்தது. பதினாறாவது வளைவில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். முதல் நாள் காலையில் பவுனுத்தாய் கடைக்கு வந்து நின்றாள். கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. அண்ணாச்சியின் அலமாரியிலேயே அந்த மாத்திரை ஒரு பெட்டி இருந்தது, பயிற்சிக்குச் சேர்ந்ததும் முன்கூட்டியே அனுப்பி வைத்தது. எண் பூட்டுப் போட்ட பெட்டி. சர்டிஃபிகேட் வந்தால்தான் எண் வரும்.

“உடைச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி” என்றாள்.

உடைத்தால் மருந்து தானாகக் கெட்டுப்போகிற மாதிரிப் பெட்டி. அதை அவளுக்கு விளக்கிச் சொன்னார். அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே போனாள். அண்ணாச்சி பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். தும்பியில் அனுப்பச் சட்டம் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி வண்டி மறுநாள் பாதி வழியில் அட்டகட்டிவரை வந்து திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் யாரோ எதையோ கொடுக்க, பவுனுத்தாய் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பழைய அளவை உடம்பு தாங்காது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? ஃபேக்டரிப் படியில் மயங்கி முகம் குப்புற விழுந்தாள். மூச்சு நின்று நின்று வந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டு, சரிந்த மண்ணின் மேல் நாலு பேர் சுமந்து கடந்து, அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். முன்பல் இரண்டு போனது. அத்தனை மாதம் தினமும் இறங்கி ஏறிச் சேர்த்தது எல்லாம் போய், முதல் நாள் அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு ராயப்பன் வந்தார். அண்ணாச்சி மாத்திரையை எடுக்கவில்லை. சவரமும் செய்திருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “நான் பாஸாகியிருந்தா அந்தப் பொண்ணுக்கு இது வந்திருக்காது கண்டக்டரே. நான் வேணும்னுதான் கேட்டேன்” என்றார்.

“தெரியும்” என்றார் ராயப்பன். “ரெண்டாவது தடவையே தெரியும். எவன் தூங்கிப் போயி ஸ்டாப்ப விட்டான், எவன் எறங்கிப் போக எடமில்லாம வேணும்னே விட்டான்னு ஆள் முகத்தப் பாத்தாலே கண்டக்டருக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா விழுங்கினீங்க?”

“நீங்க கேட்டா நான் பதில் சொல்லணும்னு என்னைச் செஞ்சு வச்சிருக்காங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?” ராயப்பன் காக்கிச் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். “மருந்துக்காரரே, நான் ஒரு ஆளு இல்ல. பதினோராயிரம் பேரு. அதுல எத்தன பேரு இன்னிக்கு உசுரோட இல்லன்னு எனக்குத் தெரியும். பாதிப் பேரு மருந்து கெடைக்காம போகல. மருந்து தூரத்துல இருந்ததால போனாங்க. உங்களோட ஒக்காந்து ஆட்டுக்குட்டிக் கதை பேசுறது எனக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ண விட்றாதீங்க.”

அண்ணாச்சி அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர் ஒரு கண்ணாடித் திரை முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அந்த வாரம் முழுக்க ராயப்பன் நேரத்தைக் குறைக்கவில்லை. அதை அண்ணாச்சி அப்போது கவனிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மறுபடி சீக்கிரம் கிளம்பினார்.

நாலாவது பரீட்சைக்கு முந்தின நாள் ராயப்பன் உட்கார்ந்ததே பத்து நிமிடம்தான். மாத்திரை கரைய ஏழு, பேச மூன்று. அண்ணாச்சிக்கு அது பெரிதாக வலிக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பரீட்சை அன்று ராயப்பனின் சட்டையில் மேல் பட்டன் இருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். வாயை மூடினார். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். கடைசியாகப் பார்க்கிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்றால் என்ன கொடுமை! வெளியே தகரக் கூரையில் மழை. மூன்றாவது நிமிடத்தில் ராயப்பன் புருவத்தை உயர்த்தி, கேளுங்கள் பார்க்கலாம் என்கிற மாதிரி சீண்டினார். அண்ணாச்சி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐந்து. ஆறு. ஏழு. பச்சை விளக்கு எரிந்தது. ராயப்பன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். சுத்தமாகக் கரைந்திருந்தது. ஏதாவது பேசலாம் என்று அண்ணாச்சி வாயெடுப்பதற்குள் அவர் எழுந்து, பையிலிருந்து விசிலை எடுத்து, வண்டி போகலாம் என்பதற்கு அடிக்கிற மாதிரி இரண்டு தடவை அடித்தார். திரை அணைந்தது.

சர்டிஃபிகேட்டும் பூட்டின் எண்ணும் அரை மணி நேரத்தில் வந்தன. கூடவே நாள்வாரியாக எத்தனை நிமிடம் பயிற்சி நடந்தது என்ற பட்டியல். அண்ணாச்சி விரலை வைத்துக் கீழே இறங்கினார். இரண்டாவது பரீட்சைவரை எல்லா நாளும் நாற்பது. அதற்கப்புறம் நான்கு நாள் முப்பத்தாறு. நான்கு நாள் முப்பத்திரண்டு. இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபத்திரண்டு. பவுனுத்தாய் விழுந்த வாரம் மட்டும் எட்டு நாள் அதே இருபத்திரண்டு. பிறகு பத்தொன்பது, பதினாறு, பதின்மூன்று, பத்து. கடைசி நாள் ஏழு.

மருந்துக்காரருக்கு அந்த வரிசையைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறாம் பாடத்தில் இருக்கிற அட்டவணை அது. பழகிய உடம்பிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது ஒரேயடியாக எடுக்காதே. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. நோயாளிக்குத் துக்கமோ அதிர்ச்சியோ வந்தால் அந்த வாரம் குறைக்காமல் நிறுத்தி வை. பிறகு தொடர்.

அண்ணாச்சி பயிற்சி மையத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, நோயாளி எப்போது எழுந்து போக வேண்டும் என்று தாங்கள் எதுவும் வைப்பதில்லை என்றாள். மற்றவர்களுடைய நோயாளிகள் எல்லாம் நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

“உங்களோடது மட்டும் ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு தெரியல சார். ஏதோ கோளாறு. கம்ப்ளைன்ட் எழுதிக்கட்டுமா?”

“வேண்டாம்மா” என்றார் அண்ணாச்சி.

புரட்டாசி பிறந்த நாலாம் நாள் காலை ஏழு மணிக்குப் பவுனுத்தாய் கடைக்கு வந்தாள். பல் போன இடத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. வாந்தி இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று அண்ணாச்சி அன்றுதான் பார்த்தார். பெட்டியைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைத்து, வாயை மூடினாள்.

கேள்வி கேட்கத்தான் கூடாது. சொல்லக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பரீட்சை ஒன்றும் கஷ்டமில்லை என்று சொன்னார். இரண்டு தடவை வேண்டுமென்றே தோற்றதைச் சொன்னார். தினமும் பதினோரு மணிக்கு ஒருவர் வந்து பேசுவார், அவரை விட மனசு வரவில்லை, அதற்காக உன்னை நாற்பது வளைவும் இறங்க விட்டேன், உன் பல் போனது என்னால்தான் என்றார். சொல்லி முடித்தபோது இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.

அந்த மூன்று நிமிடத்தைப் போல ஒரு நேரத்தை அண்ணாச்சி தன் ஆயுளில் கண்டதில்லை. அவளால் பேச முடியாது. பேசினால் மருந்து போய்விடும். ஸ்டூலின் விளிம்பை அவள் கை இறுக்கிப் பிடித்திருந்தது. கண் நிரம்பி வழிந்தது, துடைக்கவில்லை. அவர் முகத்திலிருந்து பார்வையையும் எடுக்கவில்லை. கடிகாரம் ஏழைத் தொட்டது. அவள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவர் சரி என்று தலையசைத்தார். அவள் எழுந்து, குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அண்ணாச்சி நோட்டில் தேதியும் நேரமும் எழுதினார். இனி இவள் வரமாட்டாள், பொள்ளாச்சிக்கே போனாலும் போவாள், போகட்டும், அது அவள் நியாயம் என்று நினைத்தார்.

தலையை நிமிர்த்தியபோது பவுனுத்தாய் வாசலில் நின்றாள். படியேறவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

ஆச்சு என்று சொல்லத்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“இல்லம்மா” என்றார்.

“சாப்டுங்க. நாளைக்கு ஏழு மணிக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டு அவள் ஷிஃப்டுக்குப் போனாள். அண்ணாச்சி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, ஆணியில் மாட்டியிருந்த தட்டை எடுத்துக் கழுவினார்.